கடல்நீர்த் தொட்டிச் சாமான்களை வினிகரும் எலுமிச்சை உப்பும் வைத்துக் கழுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் முன்பைவிட இப்போது அதிகம். தொட்டி வைத்த ஆறாவது மாதம் எல்லோரும் ஒரே புகாரோடுதான் வருவார்கள். பம்ப் முனகுகிறது, கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் ஸ்கிம்மர் நுரை தள்ளவில்லை, கண்ணாடி ஓரமெல்லாம் வெள்ளை. புதுச் சாமான் வாங்கலாமா என்று கேட்பார்கள். முக்கால்வாசி நேரம் வாங்க வேண்டாம். மளிகைக்கடையில் கிடைக்கும் லேசான அமிலம் ஒன்றும், கொஞ்சம் பொறுமையும் போதும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்த வெள்ளை என்ன? உப்பா, சுண்ணாம்பா?

எதையும் ஊறவைக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். அமிலம் சுண்ணாம்பை மட்டும்தான் கரைக்கும். மற்ற அழுக்குக்கு அதை ஊற்றினால் வினிகர் வீண்.

தண்ணீருக்கு வெளியே, தொட்டி விளிம்பிலும் விளக்கின் மேலும் ஒயர் நெடுகிலும் பொரபொரவென்று பூத்திருப்பது வெறும் உப்பு. மழைக்காலம் முடிந்ததும் வீட்டுச் சுவரில் உப்பு பூக்குமே, அதே மாதிரி. ஈரத்துணி போதும், அமிலம் எதுவும் தேவையில்லை. தண்ணீருக்குள்ளே, பம்ப் உடம்பிலும் குழாய் வாயிலும் நகத்தால் சுரண்டினாலும் வராமல் பிடித்திருப்பது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். மூன்றாவது, பழுப்பாக வழுவழுவென்று இருக்கும் பாசியும் கொழகொழப்பும். அதற்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்தான் மருந்து.

சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு. கரையில் கிடக்கும் ஒரு சிப்பி ஓட்டின் மேல் விட்டாலும் அதே நுரைதான் வரும், இரண்டும் ஒரே பொருள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள், பள்ளிக்கூடத்தில் படித்த கார்பன் டை ஆக்சைடு அதுதான்.

நம் ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் படிகிறது?

கடல்நீரில் இயல்பாகவே லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவு 8.1, 8.2 என்று காரப்பக்கம் இருப்பதால், சுண்ணாம்பு எப்போதும் படிந்துவிடத் தயாராக நிற்கிறது. சர்க்கரை சூட்டில் கரையும், சுண்ணாம்பு நேர்மாறு: தண்ணீர் சூடாக ஆக அதன் கரையும் அளவு குறையும். ஆகவே சூடான இடத்தைத் தேடிப் போய் ஒட்டும். பம்பின் மோட்டார் பக்கம் எப்போதும் வெதுவெதுப்பு, அதனால்தான் முதலில் அங்கே ஏறுகிறது. குளிர்நாட்டில் இந்த அடி ஹீட்டருக்கு விழும். இங்கே ஹீட்டரை யார் போடுகிறார்கள்? சித்திரை, வைகாசியில் தண்ணீரைக் குளிரவைக்கத்தான் அல்லாடுகிறோம். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாப் பவளங்களே சூடு தாங்காமல் வெளுத்தன. நம் முன்னறைத் தொட்டி எம்மாத்திரம்.

அப்புறம், ஃபேன் வைத்துக் குளிரவைக்கிறோம், தண்ணீர் ஆவியாகிறது. குறைந்ததை ஈடுகட்டப் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். ராம்நாடு மாவட்டத்து நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று டீக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆவியாகிப் போவது சுத்தத் தண்ணீர், உள்ளே வருவது கடினநீர். சுண்ணாம்பு மேலும் மேலும் சேருகிறது. ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரோ ஊற்றினாலே கழுவும் வேலை கணிசமாகக் குறையும்.

இது போக உயிருள்ளவை கட்டும் சுண்ணாம்பும் உண்டு. ரோஜா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசி, சுருள் சுருளாகக் குழாய் கட்டும் புழுக்கள், கடலிலிருந்தே தண்ணீர் எடுத்து வருபவர்கள் தொட்டியில் சில நேரம் கொட்டலசு. வள்ளத்தின் அடியில் ஒட்டுவதும் இதே இனம்தான், அளவுதான் சிறிது. எல்லாமே வினிகருக்குக் கரையும்.

வினிகரா, எலுமிச்சை உப்பா? எது நல்லது?

இரண்டும் நல்லதே. ஆனால் இரண்டின் குணமும் ஒன்றல்ல.

கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். ஒரு லிட்டர் 5 சதவீத வினிகர் கணக்குப்படி 40 கிராம் சுண்ணாம்பைக் கரைக்க வல்லது. உண்மையில் பாதிக் கரைத்த பிறகே வேகம் குறைந்துவிடும், அங்கேயே கரைசலை மாற்றிவிடுவது நல்லது. கரைந்து உண்டாகும் கால்சியம் அசிட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரையும், மிச்சம் ஒட்டாது. கெட்டியாகப் படிந்த பழைய பம்புக்கு என் ஓட்டு வினிகருக்கு.

எலுமிச்சை உப்பு என்று மளிகைக்கடையிலும் நாட்டுமருந்துக்கடையிலும் கேட்டால் கொடுப்பது சிட்ரிக் அமிலம். 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வினிகரின் வேலையைச் செய்யும். விலை குறைவு, வாடை இல்லை, பொடியாக எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் இல்லாத அறையில் வேலை செய்பவருக்கு இதுதான் தோது. குறை என்னவென்றால், இதில் உண்டாகும் கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சுண்ணாம்பு அதிகமாக இருக்கும் சாமானை நெடுநேரம் போட்டு வைத்தால், பழைய வெள்ளை போய்ப் புது வெள்ளை மாவு மாதிரி மேலே படியும். “அண்ணே, எலுமிச்சை உப்பு போட்டு இன்னும் வெள்ளையாயிருச்சு” என்று ஒருவர் போன் செய்தார். அவர் மேல் தப்பில்லை, கரைசல் களைத்துப்போயிருந்தது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

ஆகவே லேசான படிவுக்கு எலுமிச்சை உப்பு, மொத்தப் படிவுக்கு வினிகர். ஆப்பிள் வினிகர், கலர் போட்ட வினிகர் வேண்டாம். சர்க்கரையும் சாயமும் தொட்டிக்குள் போவதில் யாருக்கு என்ன லாபம்?

கடையில் வாங்கும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவசரத்தில் சோடா உப்பைக் கட்டிக் கொடுத்த கதையும் நடந்திருக்கிறது.

எந்த அளவில் கலப்பது?

முதல்முறை கழுவுபவர் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. எலுமிச்சை உப்பு என்றால் லிட்டருக்கு 50 கிராம். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் நெளியும், வினிகர் ஆவி மூக்கில் ஏறி இருமல் வரும்.

பம்பைக் கழுவும் முறையை விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். உப்புத்தண்ணீர் மின்சாரத்துக்கு நல்ல பாதை.

பம்பைத் தொட்டியிலிருந்து எடுத்ததும் நேராக அமிலத்தில் போடாதீர்கள். தொட்டித் தண்ணீரே ஒரு கிண்ணத்தில் எடுத்து அதில் பம்பை நாலு முறை முக்கி எடுங்கள். கூண்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இறால், நத்தை, முனிவன் நண்டு ஏதாவது இருந்தால் வெளியே வந்துவிடும். ஒருமுறை தொட்டியில் அலை எழுப்பும் வேவ்மேக்கர் பம்பின் கூண்டுக்குள்ளிருந்து பட்டாணி அளவு நத்தைகள் பதினோன்றை எண்ணி எடுத்திருக்கிறேன்.

பிறகு முன்மூடியைக் கழற்றி, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மெதுவாக இழுங்கள். காந்தம் பிடித்திருக்கும், கொஞ்சம் வம்பு பண்ணும். வராவிட்டால் இடுக்கி போட்டு நெம்பாதீர்கள். உள்ளே இருக்கும் செராமிக் தண்டு சாக்பீஸ் மாதிரி ஒடியும், அது மட்டும் தனியாகக் கிடைப்பது அபூர்வம். இம்பெல்லர் வராததற்குக் காரணமே சுண்ணாம்பு என்பதால், பம்பை அப்படியே கரைசலில் இருபது நிமிடம் போட்டுவிட்டுத் திரும்ப இழுங்கள். வந்துவிடும்.

கழற்றியதை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவு கரைசல் ஊற்றுங்கள். பிளக் முனை டப்பாவுக்கு வெளியே, உலர்ந்த இடத்தில் இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் இம்பெல்லர் இறக்கைகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ் மாலை கட்டும். உற்றுக் கேட்டால் சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். குமிழ் நின்றதும் எடுத்துப் பாருங்கள். இரண்டு காரணத்தால் நின்றிருக்கலாம்: சுண்ணாம்பு தீர்ந்திருக்கும், இல்லையென்றால் அமிலம் தீர்ந்திருக்கும். படிவு இன்னும் இருந்தால் இரண்டாவது காரணம். கரைசலை மாற்றுங்கள்.

அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் படிவு தயிர்ப் பதத்துக்கு இளகிவிடும். இம்பெல்லர் உட்காரும் குழிக்குள் பாட்டில் கழுவும் சின்ன பிரஷ்ஷை விட்டுச் சுழற்றுங்கள். பம்ப் முனகுவதற்கு மூலகாரணம் பெரும்பாலும் அந்தக் குழியின் அடியில் உட்கார்ந்திருக்கும் மிளகு அளவுச் சுண்ணாம்புதான். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். கீறல் விழுந்தால் அடுத்த முறை சுண்ணாம்பு அந்தக் கீறலையே பிடித்துக்கொண்டு ஏறும்.

கழற்ற மனமில்லை, நேரமில்லை என்றால் வாளியில் கரைசலை ஊற்றி, பம்பை உள்ளே முழுக்க மூழ்கவைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஓடும் வாளியில் கையை விடக்கூடாது. தண்ணீர் வற்றி வறண்டு ஓடவும் கூடாது. பிறகு வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் இரண்டு முறை ஓட்டி அலசுங்கள். வழக்கமான பராமரிப்புக்கு இது போதும், வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி முழுக்க ஊறவைத்தால் இன்னும் சுத்தமாகுமே?

வெறும் பிளாஸ்டிக் என்றால் ஊறட்டும். இம்பெல்லரை மட்டும் ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நான் போனேன். காந்தத்தின் மேல்பூச்சில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்ததைக் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் கரைசல் டீ நிறத்தில் இருந்தது. காந்தம் துருவேறி உப்பி, பூச்சு வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்திருந்தது. பம்புக்குள் திரும்ப நுழையவில்லை, நுழைந்திருந்தாலும் அந்தத் துருவைத் தொட்டியில் விடமுடியாது. பம்ப் நன்றாகத்தான் இருந்தது, இம்பெல்லர் கிடைக்காததால் அதையும் தூக்கிப்போட்டேன்.

ஆகவே ஊறவைக்கும் முன்னால் காந்தத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். துருப்புள்ளியோ உப்பலோ இருந்தால் அதற்குக் குளியல் கிடையாது. புது இம்பெல்லர் தேடுங்கள்.

ஸ்கிம்மரை எப்படி?

மேல் கோப்பையில் சேரும் கறுப்புக் கொழகொழப்பு எண்ணெய்ப் பசையும் கழிவும் கலந்தது. அமிலம் அதை ஒன்றும் செய்யாது. வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரில் துணியால் துடையுங்கள், சோப்பு வேண்டாம். சோப்பு மிச்சம் இருந்தால் ஸ்கிம்மர் நுரையை அடக்கமாட்டாமல் தரை முழுக்கக் கொட்டும்.

அமிலம் தேவைப்படுவது அதன் பம்புக்கும், காற்று இழுக்கும் குழாய்க்கும். காற்று உள்ளே போகும் இடத்தில் தண்ணீர் தெறித்துத் தெறித்துக் காய்வதால் அங்கே உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து அடைக்கும். முதலில் வெந்நீரை உறிஞ்சவிட்டு உப்பைக் கரையுங்கள், பிறகு வினிகர். பாதி ஸ்கிம்மர்கள் வெந்நீருக்கே சரியாகிவிடும்.

எந்தப் பாத்திரத்தில், எங்கே வைத்து ஊறவைக்கலாம்?

பிளாஸ்டிக் வாளி அல்லது கண்ணாடிப் பாத்திரம். பித்தளைக் குண்டான், செம்புப் பாத்திரம், ஈயம் பூசிய பழைய பாத்திரம் எதுவும் கூடாது. வினிகர் செம்பைக் கொஞ்சம் கரைக்கும். மீனுக்குச் செம்பு ஓரளவு தாங்கும், இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம். அலுமினியமும் வேண்டாம்.

அடுத்தது இடம். எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பாக்கல். ஊறவைத்த டப்பா அடியில் கசிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. எடுத்துப் பார்த்தால் கறுப்புக் கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல்தானே, அமிலம் அதையும் விடவில்லை. “மீனுக்கு மேடை, எனக்கு எது?” என்று வீட்டில் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வட்டமும் போகவில்லை. மார்பிள், மொசைக், சிமெண்ட் தரை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கிணற்றடியில், பழைய பிளாஸ்டிக் தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள்.

புளி, எலுமிச்சம்பழம் போதாதா? குத்துவிளக்கே பளபளக்கிறதே.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கை எல்லார் வீட்டிலும் உண்டு. அங்கே புளியின் அமிலம் எடுப்பது உலோகத்தின் மேல் படிந்த கறையை. இங்கே நமக்கு வேண்டியது சுண்ணாம்பு. புளியும் அதைக் கரைக்கும், ஆனால் கூடவே நாரும் சர்க்கரையும் பழுப்புச் சாயமும் பம்பின் இடுக்கில் போய் உட்காரும். எலுமிச்சம்பழச் சாறு வடிகட்டினால் பரவாயில்லை. ஒரு சின்ன டப்பா நிரப்பவே ஒரு கூடைப் பழம் பிழிய வேண்டும், அந்தப் பழத்தை ஊறுகாய் போடலாம்.

சங்குக்கடையில் கிடைக்கும் ஆசிட் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுமே?

முடிந்துவிடும், எது முடியும் என்பதுதான் கேள்வி. ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் சங்கு, சிப்பிகளின் மேல்தோலை எடுக்க வைத்திருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாத்ரூம் கழுவ பாட்டிலில் விற்பதும் பெரும்பாலும் அதே இனம்தான். வீரியம் எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்லமுடியாது. ஆவி நுரையீரலைச் சுடும். அதே அறையில் இருக்கும் இரும்பு ஸ்டாண்டும் ஸ்க்ரூவும் விளக்கின் பட்டியும் சில நாளில் துருவேறும். நம் ஊர்க் காற்றே உலோகத்தைத் தின்னும் காற்று. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடித்தது சும்மாவா? வீட்டுக்குள் நாமே வேறு ஆவி விட வேண்டாம்.

வேகம் வேண்டுமென்றால் வினிகரை இரண்டு முறை மாற்றுங்கள். வினிகர் ஒரு மணி நேரத்தில் செய்வதை அந்த ஆசிட் ஒரு நிமிடத்தில் செய்யும், உண்மைதான். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

வினிகரோடு கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போட்டால் கிருமியும் சாகும் அல்லவா?

கிருமியோடு நீங்களும். பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழுவாத வாளியின் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சமே மூச்சைப் பிடிக்கப் போதும். இரண்டுக்கும் தனித்தனி வாளி வையுங்கள், மேலே பெயிண்டால் எழுதிவையுங்கள். ஒரே நாளில் இரண்டையும் கையில் எடுக்காதீர்கள்.

ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்தால் நன்றாகப் பொங்குகிறது. அது கூடுதல் சக்தியா?

பொங்குவது பார்க்க அழகு. ஒன்று அமிலம், ஒன்று காரம், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சம் வைப்பது ஏறக்குறைய உப்புத்தண்ணீர். சுண்ணாம்புக்கு ஒன்றும் ஆகாது.

பிஹெச் மீட்டர், உப்பு அளக்கும் கருவி இவற்றை?

ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஊசியின் மேல் படிவு ஏறினால் எடை கூடி அளவு தப்பாகக் காட்டும். ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டிய தண்ணீர் குறைவாகத் தெரியும், நீங்கள் உப்பை மேலும் கொட்டுவீர்கள். பாதிக்குப் பாதி வினிகரில் பதினைந்து நிமிடம் வைத்து, ஆர்.ஓ. தண்ணீரில் அலசுங்கள்.

ஒளியை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு அமிலம் வேண்டாம். கண்ணாடிப் பகுதியை ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பிஹெச் மீட்டரின் முனையில் வெள்ளை ஏறியிருந்தால் நீர்த்த வினிகரில் பத்து நிமிடம், அவ்வளவே. துணியால் தேய்க்கக்கூடாது, முனைக் கண்ணாடி மிக மெல்லியது. பிறகு அதை வைக்கும் திரவத்தில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பிஹெச் 7, 10 என்று தெரிந்த திரவங்களில் திரும்ப அளவு திருத்துங்கள். திருத்தாமல் படித்த எண்ணை நம்பாதீர்கள்.

தண்ணீர் மட்டம் பார்க்கும் மிதவை ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறதே, அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதில் ஒரு சின்னச் சுண்ணாம்புத் துணுக்கு மாட்டினால் மிதவை கீழேயே நிற்கும், தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், காலையில் வீடெல்லாம் குளம். பம்பை ஊறவைக்கும்போது அதையும் கூடவே போடுங்கள்.

தொட்டிக் கண்ணாடியை? உள்ளே மீன் இருக்கிறது.

மீன் இருக்கும்போது தண்ணீருக்குள் அமிலம் இல்லை. பிளேடால் சுரண்டுங்கள், அக்ரிலிக் தொட்டி என்றால் பிளாஸ்டிக் அட்டையால். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் கோட்டுக்கு, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் ஒட்டிவைத்துத் துடைக்கலாம், சொட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

காலித் தொட்டி என்றால் சுகம். டிஷ்யூ காகிதத்தை வினிகரில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டி, காயக்காய மேலே தெளித்துக்கொண்டே இருங்கள். ஒரு மணி நேரத்தில் ரோஜாப் பாசி உரிந்து வரும். ஓர ஒட்டுக்கு ஒன்றும் ஆகிவிடுமோ என்று பயப்படுவார்கள். புது சிலிக்கான் ஒட்டும்போது மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை வருமே, பல சிலிக்கான்களில் அது இதே அசிட்டிக் அமிலத்தின் வாடைதான். அது வினிகருக்குப் பழகிய உறவு.

அலசுவதற்குப் போர் தண்ணீர் போதுமா?

முதல் இரண்டு அலசலுக்குப் போதும். கடைசி அலசல் ஆர்.ஓ. அல்லது மழைத்தண்ணீர். போர் தண்ணீரில் அலசிவிட்டு வெயிலில் காயவைத்தால், எடுத்த சுண்ணாம்பைக் கொஞ்சம் திருப்பிப் பூசிய கதையாகிவிடும். குடம் தண்ணீர் தள்ளுவண்டியில் வருகிற ஊரில் மீன்சாமான் அலச நல்ல தண்ணீரா என்று வீட்டில் கேட்பார்கள், நியாயம்தான். ஒரு சொம்பு போதும்.

சரியாக அலசாமல் கொஞ்சம் வினிகர் தொட்டிக்குள் போய்விட்டால்?

நூறு லிட்டர் தொட்டியில் ஒரு தேக்கரண்டி போனால் மீனுக்குத் தெரியாது. கடல்நீரின் காரத்தன்மை அதைத் தாங்கிக்கொள்ளும், மிச்சத்தைப் பாக்டீரியா தின்றுவிடும். பவளம் வளர்ப்பவர்களில் சிலர் நைட்ரேட்டைக் குறைக்க வினிகரை அளந்து தினமும் விடுவதே உண்டு.

ஒரு டம்ளர் கவிழ்ந்தால் நிலைமை வேறு. பிஹெச் இறங்கும், அது முதல் ஆபத்து. இரண்டாவது மறுநாள் வரும்: பாக்டீரியா திடீரென்று பெருகித் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகும், ஆக்சிஜனை அவையே குடித்துவிடும். மீன் மேலே வந்து வாய் பிளக்கும். காற்று பம்பை முழு வேகத்தில் வைத்து, ஸ்கிம்மரை ஓட்டி, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

கரையில் ஒதுங்கிய பவளக்கல்லை வினிகரில் கழுவித் தொட்டியில் வைக்கலாமா?

இரண்டு காரணத்துக்காக வேண்டாம். பவளக்கல்லே முழுக்கச் சுண்ணாம்பு. வினிகர் அழுக்கை விட்டுவிட்டுக் கல்லைத் தின்னும், நுண்ணிய வரியெல்லாம் மழுங்கும்.

இரண்டாவது சட்டம். கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. செத்ததா, ஒதுங்கியதா என்ற வாதமெல்லாம் நிற்காது. நம் கடலில் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்தது, ஒரு காலத்தில் இந்தப் பவளப் பார்களைச் சுண்ணாம்புக்காக வெட்டி அள்ளிய அனுபவத்துக்குப் பிறகுதான். தொட்டிக்குச் செயற்கைக் கல் கிடைக்கிறது. அதுவும் சிமெண்ட் கலந்தது என்றால் வினிகர் படக்கூடாது, பிரஷ் மட்டும்.

பாக்டீரியா குடியிருக்கும் பீங்கான் வளையம், கல் போன்றவையும் இதே பட்டியல்தான். அவற்றைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகக் குலுக்கி எடுங்கள்.

வெள்ளைப்புள்ளி வந்து மீன் செத்த தொட்டி. வினிகரில் கழுவினால் நோய் போகுமா?

நம்பாதீர்கள். வினிகர் சுண்ணாம்பு எடுக்கும், நோய்க்கிருமிக்கு அது உத்தரவாதம் இல்லை. ஆனால் கழுவிய பிறகு முழுக்கக் காயவைப்பது பெரிய காரியம், வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி வறட்சியைத் தாங்காது. அதற்குத்தான் ராம்நாடு வெயில் இருக்கிறதே. குழாய், பம்ப், வலை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, இடுக்கில் ஈரம் இல்லாமல் மூன்று நான்கு நாள் மொட்டைமாடியில் கிடக்கட்டும். ரப்பர் வளையங்களை மட்டும் நிழலில் வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

தேதி வைத்துக் கழுவாதீர்கள், பம்பின் சத்தத்தை வைத்துக் கழுவுங்கள். பொதுவாக மூன்று மாதம். கோடையில் இரண்டு மாதத்திலேயே முனக ஆரம்பிக்கும். எல்லாப் பம்பையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள். ஒன்று ஊறும்போது இன்னொன்று தண்ணீரைச் சுழற்றிக்கொண்டு இருக்க வேண்டும், முக்கியமாக வெப்ப நாளில். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அரை மணி நேரம் தேங்கி நின்றாலே மீன் தவிக்கும். மின்வெட்டு வரும் நேரம் தெரிந்தால் அன்று இந்த வேலை வேண்டாம்.

மீந்த கரைசலை என்ன செய்வது?

ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுப் பாருங்கள். பொங்கினால் அமிலம் மிச்சம் இருக்கிறது, அடுத்த சாமானை அதிலேயே ஊறவைக்கலாம். பொங்காவிட்டால் வேலை முடிந்த தண்ணீர், நாலு பங்கு தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் ஊற்றுங்கள். உப்பு கலந்தது என்பதால் செடிக்கு வேண்டாம், முருங்கைக்குக்கூட. வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பம்பின் பிளக்கைத் திரும்பச் சொருகும் முன்னால் ஒயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்கு ஏறாமல், நடுவில் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து ஏறுகிறதா என்று பாருங்கள். சொட்டும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே விழுந்துவிடும், பிளக்குக்குப் போகாது.